டல்லாஸ் மாப்பிள்ளை மாங்கா அடிக்கிறார்

1 ஜூன் 2024, சனி. உத்திரமேரூர்

கத்திரி 28-ஆம் தேதியே கழிந்துவிட்டதாம். பஞ்சாங்கம் சொல்கிறது, வெயில் ஒப்புக்கொள்ளவில்லை. பள்ளித் திறப்பை 6-ஆம் தேதியிலிருந்து 10-க்குத் தள்ளிவிட்டார்கள். தெருப் பையன்களுக்கு அது போதும். காலையில் ஒரு மேட்ச், வெயில் தாழ்ந்ததும் ஒரு மேட்ச். ஏரி உள்வாயில் தண்ணீர் பின்வாங்கின இடம் இறுகிப்போய்க் கிடக்கிறது, அதுதான் கிரவுண்டு.

தம்பி மகளும் மாப்பிள்ளையும் டல்லாஸிலிருந்து வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை அசல் அமெரிக்கர், டெக்சஸிலேயே பிறந்து வளர்ந்தவர். "வணக்கம் மாமா" என்று தடுமாறாமல் சொல்கிறார். உடம்பில் மஞ்சள் டி-சர்ட், மார்பில் சிங்கம். டெக்சஸ் சூப்பர் கிங்ஸாம். மனைவி வாங்கிக் கொடுத்தது. வாசலில் நின்றிருந்த பொடியன்கள் மஞ்சளைப் பார்த்ததும் மொய்த்துக்கொண்டார்கள். "அண்ணா, தோனிய நேர்ல பாத்திருக்கீங்களா?" பெண் மொழிபெயர்த்துச் சொன்னாள். "யார் அவர்?" என்று கேட்டார் மாப்பிள்ளை. பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் மட்டும் மெதுவாக, "அப்புறம் எதுக்குண்ணா இந்த டிரஸ்ஸு?" என்றான்.

மாலையில் அவரைக் கரைக்கு அழைத்துப் போனேன். பேஸ்பால் பார்த்து வளர்ந்த கண். பனைமர நிழலில் உட்கார்ந்து அரை மணி நேரம் வாய் திறக்காமல் பார்த்தார். பிறகு ஒரே கேள்வி: "அந்தப் பையன் பந்தை அடித்துவிட்டு அங்கேயே நிற்கிறானே, ஏன் ஓடவில்லை?"

"ஓட வேண்டாம் என்று தோன்றியிருக்கும்."

"அது அவன் இஷ்டமா?"

"அவன் இஷ்டம்தான்."

பேஸ்பாலில் எல்லைக்குள் அடித்தால் ஓடியே ஆக வேண்டும். நிற்பதற்கு இடமே கிடையாதாம். இங்கே ஒருவன் நாள் முழுக்கக் கட்டை போட்டுக்கொண்டு நிற்கலாம், யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்றேன். 1975 உலகக் கோப்பையின் முதல் நாள், லார்ட்ஸ் மைதானத்தில் கவாஸ்கர் 60 ஓவரும் நின்று 174 பந்தில் 36 ரன் எடுத்து நாட் அவுட்டாகத் திரும்பி வந்த கதையையும் சொன்னேன். இங்கிலாந்து அடித்திருந்தது 334. மாப்பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதற்குப் பிறகும் அவரை அணியில் வைத்திருந்தார்களா?"

வைத்திருந்தார்கள். இன்னும் பன்னிரண்டு வருடம்.

இன்னொன்றும் அவருக்குப் பிடிபடவில்லை. முதல் பந்திலேயே அவுட்டான ஒரு சிறுவன் மட்டையைக் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தான். "அடுத்து எப்போது அடிப்பான்?" என்றார். இன்றைக்கு இனி இல்லை என்றேன். பேஸ்பாலில் ஒருவனுக்கு ஒரு ஆட்டத்தில் மூன்று நாலு தடவையாவது முறை வருமாம். "அப்படியென்றால் இவன் வீட்டுக்குப் போய்விடலாமே?" எங்கே போவது? அவுட்டானவன்தான் அம்பயர். உட்கார்ந்த சிறுவனையும் அதற்குள் கூப்பிட்டு நிறுத்திவிட்டார்கள். அந்தக் கோபத்தில் அவன் அடுத்த பத்து நிமிடத்தில் கொடுத்த தீர்ப்புகளை நான் எழுதப் போவதில்லை.

2 ஜூன், ஞாயிறு

டி20 உலகக் கோப்பை இன்று காலை 6 மணிக்கு ஆரம்பம். முதல் ஆட்டமே அமெரிக்கா - கனடா, டல்லாஸுக்குப் பக்கத்தில் கிராண்ட் பிரெய்ரியில். காபி டம்ளரோடு டி.வி. முன்னால் உட்கார்ந்தோம். கேமரா மைதானத்தைச் சுற்றிக் காட்டியதும் மாப்பிள்ளை துள்ளி எழுந்தார். "இது ஏர்ஹாக்ஸ் ஸ்டேடியம்!"

2008-ல் கட்டிய பேஸ்பால் மைதானமாம் அது. ஏர்ஹாக்ஸ் என்ற சின்ன அணி அங்கே ஆடிக்கொண்டிருந்தது. பள்ளி நாட்களில் அப்பாவோடு போய் ஹாட் டாக் தின்றுகொண்டு பார்த்த இடம். அணி 2020-க்குப் பிறகு இல்லை. மைதானத்தை இடித்துத் திருத்திக் கிரிக்கெட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். போன வருடம்தான் அங்கே மேஜர் லீக் கிரிக்கெட் தொடங்கியது. அவர் மார்பிலிருக்கும் சிங்கத்துக்கும் அதுதான் சொந்த மண். தன் ஊர் மைதானம் என்ன ஆனது என்பதை உத்திரமேரூர் டி.வி.யில் பார்த்துத் தெரிந்துகொண்டார் மனிதர். "பிட்சர் நிற்கும் மேடு எங்கே போச்சு?" என்று திரையைத் தடவிப் பார்த்தார்.

கனடா 194. அமெரிக்காவின் ஆரன் ஜோன்ஸ் 40 பந்தில் 94 நாட் அவுட், பத்து சிக்ஸர். 17.4 ஓவரிலேயே முடித்துவிட்டார்கள். ஒவ்வொரு சிக்ஸருக்கும் மாப்பிள்ளை "ஹோம் ரன்" என்று கூவினார். அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, இதாவது அவருக்குப் புரிகிறதே என்றாள்.

வர்ணனையாளர்கள் 1844-ஐ நினைவூட்டத் தவறவில்லை. உலகத்தின் முதல் சர்வதேசக் கிரிக்கெட் ஆட்டம் இங்கிலாந்து ஆடியதல்ல, ஆஸ்திரேலியா ஆடியதும் அல்ல. அந்த வருடம் செப்டம்பரில், நியூயார்க்கில், செயின்ட் ஜார்ஜ் கிளப் மைதானத்தில் அமெரிக்காவும் கனடாவும் ஆடியதுதான். கனடா 23 ரன்னில் ஜெயித்தது. மெல்போர்னில் முதல் டெஸ்ட் நடக்க இன்னும் 33 வருடம் இருந்தது. நம் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்கூட 1846-ல் வந்ததுதான். மாப்பிள்ளைக்கு இது எதுவும் தெரியாது. பள்ளியில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையாம். எப்படிச் சொல்வார்கள்? உள்நாட்டுப் போர் முடிந்தபோது பேஸ்பால் அங்கே எல்லா ஊருக்கும் பரவிவிட்டது. கிரிக்கெட் பிலடெல்பியா கனவான்களின் கிளப்புகளில் ஒதுங்கி, அங்கேயே மூச்சடங்கியது. விட்டுப் போனவர்களுக்கு அது அன்னிய ஆட்டம். எவனோ கொண்டுவந்து போட்டதை எடுத்து ஆடிய நமக்கு அது சொந்த ஆட்டம்.

4 ஜூன், செவ்வாய்

தேர்தல் முடிவு நாள். காலையிலிருந்து எல்லா வீட்டிலும் டி.வி. அலறல். மாப்பிள்ளை இன்றைக்கென்று பார்த்து எங்கள் ஊரின் பழைய தேர்தல் கல்வெட்டைக் காட்டச் சொன்னார். அதுவும் பொருத்தம்தான் என்று வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். வெளியூர்க்காரர் நாலைந்து பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2020-ல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டின விழாவில் பிரதமர் இந்தக் கல்வெட்டைப் பற்றிப் பேசியதிலிருந்து வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள்.

முதலாம் பராந்தக சோழன் காலம். 919, 921 என்று இரண்டு ஆண்டுகளின் தீர்மானங்கள். சுவரில் விரல் படாமல் வரி வரியாகச் சொன்னேன். ஊரை 30 குடும்பாக, அதாவது வார்டாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத சிறுவன் ஒருவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வயது 35-க்கு மேல், 70-க்குள். வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரனும் நிற்க முடியாது. அந்த இடத்தில் மாப்பிள்ளை சத்தமாகச் சிரித்தார். எங்கள் ஊர்க்காரர்களுக்கும் அனுப்பி வையுங்கள் என்றார். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். இந்த ஊர் ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு கமிட்டி, ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால்.

மேடையில் பேசுகிறவர்கள் விட்டுவிடுவதையும் சொன்னேன். இது பிராமணர் ஊர்ச்சபை. நிலமில்லாதவனுக்கும் பெண்ணுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. மாப்பிள்ளை தலையாட்டினார். எங்கள் ஆட்களும் அப்படித்தான் ஆரம்பித்தார்கள் என்றார்.

மாலையில் கரைக்குப் போனபோது பேட்டிங் ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தார்கள். கேப்டன் பையன் குந்தி உட்கார்ந்து, மற்றவர்களைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, மண்ணில் வரிசையாகக் கோடு கிழித்தான். ஒவ்வொரு கோட்டின் அடியிலும் ஒரு எண், ஒழுங்கில்லாமல் மாற்றி மாற்றி. எண்களின் மேல் மட்டையைப் படுக்கவைத்து மூடினான். பிறகு எல்லோரும் திரும்பி ஆளுக்கொரு கோட்டின் நுனியைத் தொட்டார்கள். மட்டையை எடுத்தான். ஒன்று வந்தவன் குதித்தான். ஒன்பது வந்தவன், எண் போடும்போது எட்டிப் பார்த்தான் என்று ஒன்றைக் குற்றம் சாட்டினான். கூச்சல். எல்லாவற்றையும் காலால் அழித்துவிட்டு மறுபடி கோடு. இந்தத் தடவை கோடு கிழித்தவன் கூட்டத்திலேயே பொடியன். அவன் ஆறாவது படிப்பவன், எந்த அணியிலும் இல்லாத 'ஜோக்கர்', இரண்டு பக்கமும் ஃபீல்டிங் செய்கிறவன்.

மாப்பிள்ளை என் முழங்கையை இடித்தார். "காலையில் பார்த்தது" என்று மட்டும் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. பையன்களில் பாதிப் பேர் அந்தக் கோயில் மண்டபத்துக்குள் ஒருமுறைகூடப் போயிருக்க மாட்டார்கள்.

(காஞ்சிபுரத்தில் தி.மு.க.வின் செல்வம் ஜெயித்தார். எங்கள் தெருவில் இரண்டு வெடி.)

5 ஜூன், புதன்

இன்று மாப்பிள்ளை களத்தில் இறங்கினார். இதை விரிவாகவே எழுத வேண்டும்.

டாஸுக்குக் காசு கிடையாது. ஓட்டுச்சில்லின் ஒரு பக்கம் எச்சிலைத் தடவி மேலே வீசி, "வெயிலா மழையா" என்று கேட்டார்கள். மாப்பிள்ளை கட்சி "மழை" என்றது. வந்தது வெயில். அதனால் முதலில் ஃபீல்டிங்.

பந்தை அவர் கையில் கொடுத்தார்கள். ஆறடி இரண்டு அங்குல உடம்பு. ஓடி வரவில்லை, நின்ற இடத்தில் ஒரு காலைத் தூக்கி, உடம்பை முறுக்கி விட்டார் பாருங்கள், பந்து நடுவில் தரையைத் தொடவே இல்லை. மட்டை பிடித்திருந்தவன் மண்ணில் விழுந்து படுத்துவிட்டான். நாலு திசையிலிருந்தும் ஒரே குரல்: "மாங்கா! மாங்கா!"

நோ பால். மறுபடி போட்டார். மறுபடி மாங்கா. கையை மடக்கி எறியக் கூடாது, முழங்கையை நீட்டிச் சுழற்ற வேண்டும் என்று ஜோக்கர் பையன் வந்து செய்து காட்டினான். மாப்பிள்ளை முழங்கையைப் பலகை மாதிரி விறைத்துக்கொண்டு முயன்றார். பந்து ஸ்கொயர் லெக் பக்கம் புல் மேய்ந்துகொண்டிருந்த எருமையிடம் போயிற்று. பெரிய கிரிக்கெட்டில் 15 டிகிரி வரை முழங்கை நிமிரலாம், அதற்கு மேல் போனால்தான் த்ரோ என்று நான் கரையிலிருந்து சொன்னேன். "இங்கே டிகிரி அளக்கிறவர் யார்?" என்று கேட்டார். பேட்டிங் செய்கிற கட்சி. வேறு யார்?

பந்து வீச்சிலிருந்து எடுத்துவிட்டு லாங் ஆனுக்கு அனுப்பினார்கள். அங்கேதான் மதிப்பு உயர்ந்தது. இரண்டாவது ரன்னுக்கு ஓடினார்கள்; அவர் பந்தை ஒரு கையால் பொறுக்கி, அறுபது எழுபது கெஜத்திலிருந்து நேரே விட்டார். மூன்று கருவேலங்குச்சி ஸ்டம்பில் நடுக்குச்சி முறிந்தது. ஒரு நொடி யாரும் பேசவில்லை. அப்புறம் எல்லோரும் ஓடிப்போய்த் தூக்கினார்கள். மாங்கா இப்போது குற்றமில்லை, ஃபீல்டர் எறியலாம்.

மட்டை பிடிக்கும்போது தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்தார். முதல் பந்து கீழே குத்தி வந்தது. குத்தி எழும் பந்தை வாழ்க்கையில் அடித்ததில்லையே. பேஸ்பாலில் பந்து காற்றிலேயே வந்து காற்றிலேயே போய்விடும். சுற்றினார், படவில்லை. இரண்டாவதும் படவில்லை. மூன்றாவதை இவர் கஷ்டத்துக்கு இரங்கி ஃபுல் டாஸாகப் போட்டான் பாவிப் பையன். பட்டது. பந்து கரையைத் தாண்டி, கருவேலங்காட்டைத் தாண்டி, கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. மாப்பிள்ளை மட்டையைக் கீழே எறிந்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தார். எந்தப் பக்கம் ஓடுவதென்று பாதியில் சந்தேகம் வந்து நின்று திரும்பிப் பார்த்தார்.

"அவுட்" என்றார் அம்பயர். அம்பயருக்கு வயது பன்னிரண்டு.

கரைக்கு வெளியே நேராக அடித்தால் அவுட். இது இந்த மைதானத்துச் சட்டம். ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு வாங்கிய டென்னிஸ் பந்து; முள்ளுக்குள் போனால் திரும்பி வராது. அவர் வாழ்நாளில் அடித்த மிகப் பெரிய அடிக்கு அவுட் கொடுத்ததோடு நிற்கவில்லை. அடித்தவன்தான் பந்தைத் தேட வேண்டும், அதுவும் சட்டம். செருப்பை மாட்டிக்கொண்டு போனார். இருட்டும் வரை வரவில்லை. வரும்போது கையில் கீறல், கூடவே மூன்று பந்து. இரண்டு பழையவை, எப்போது தொலைந்தவையோ. பையன்கள் அவரை நிரந்தர மெம்பராகச் சேர்த்துக்கொண்டார்கள்.

இரவுச் சாப்பாட்டில் பெண் கேலி செய்துகொண்டே இருந்தாள். அவர் மட்டும் யோசனையில் இருந்தார். "சட்டம் எங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டார். எழுதவில்லை, ஆனால் ஒருத்தனுக்கும் மறக்காது. ஆஃப் சைடில் நடவு போட்டிருந்தால் அந்தப் பக்கம் ரன் கிடையாது. ஆள் குறைந்தால் பேபி ஓவர். இருட்டிவிட்டால் ஒன் பிட்ச் கேட்ச். லண்டனில் லார்ட்ஸ் மைதானத்தில் உட்கார்ந்து சட்டம் எழுதுகிறவர்களுக்கு நம் நடவைப் பற்றி என்ன தெரியும்?

7 ஜூன், வெள்ளி

தூக்கம் இல்லை. நேற்று இரவு 9 மணிக்குத் தொடங்கிய அமெரிக்கா - பாகிஸ்தான் ஆட்டம் ஒரு மணி தாண்டித்தான் முடிந்தது. அதே கிராண்ட் பிரெய்ரி.

பாகிஸ்தான் 159. அமெரிக்காவுக்குக் கடைசிப் பந்தில் ஐந்து வேண்டும். நிதிஷ் குமார் ஹாரிஸ் ரவூஃபை நாலு அடித்தார். 159-க்கு 159. மாப்பிள்ளை உடனே, "சரி, எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ்" என்றார். இதுவரை இந்த ஆட்டத்தில் அவர் தாமாகவே சரியாகச் சொன்ன முதல் விஷயம். சூப்பர் ஓவரில் ஆமிர் வைடாக வீசி வீசிக் கொடுத்து அமெரிக்கா 18. பாகிஸ்தானுக்குப் போட வந்தவர் சௌரப் நேத்ரவால்கர். மும்பைக்காரர், ஆரக்கிள் நிறுவனத்தில் என்ஜினீயர். 2010-ல் இந்தியாவின் 19 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆடி, உலகக் கோப்பைக் காலிறுதியில் இதே பாகிஸ்தானிடம் தோற்றுத் திரும்பியவர். கிரிக்கெட்டில் வழி இல்லையென்று படிக்கப் போன பிள்ளை. 13-க்கு மேல் விடவில்லை.

காலையில் டீக்கடையில் மாப்பிள்ளைக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்ல வேண்டும். அவர் ஒரு பந்தும் போடவில்லை, ஒரு ரன்னும் அடிக்கவில்லை. வரிசையாக வந்து கை குலுக்கினார்கள். டீக்குக் காசு வாங்கவில்லை. பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மட்டும் ஸ்கோர் அட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அமெரிக்கான்னு போட்டிருக்கான், பேரெல்லாம் பட்டேல், குமார்னு இருக்குதே" என்றார். கடைக்காரர் விட்டுக்கொடுக்கவில்லை. "வேலைக்குப் போன எடத்துலயும் நம்ம ஆளு சும்மா இருக்கமாட்டான்."

8 ஜூன், சனி

பரண் மேலிருந்து என் பழைய ஸ்கோர் நோட்டுகளை இறக்கினேன். தபால் இலாகாவில் இருந்த காலத்தில் டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு குறித்தவை. சேப்பாக்கத்தில் மேட்ச் என்றால் தமிழ் வர்ணனை வரும். அப்துல் ஜப்பார் பேசும்போது மைதானம் வீட்டுக்குள் வந்துவிடும்.

மாப்பிள்ளை நோட்டைக் கையில் வாங்கியதும் முகம் மாறிவிட்டது. புள்ளி, கோடு, எண், கூட்டல். அவருடைய தாத்தாவும் பேஸ்பாலுக்கு இப்படித்தான் நோட்டுப் போடுவாராம். பெண் மொபைலில் தேடிப் படித்துக் காட்டினாள். அமெரிக்காவில் பேஸ்பாலுக்கு 'பாக்ஸ் ஸ்கோர்' அட்டையை உருவாக்கியவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து சிறு வயதில் நியூயார்க் போனவர். பத்திரிகையில் கிரிக்கெட் எழுதிக்கொண்டிருந்தவர். கிரிக்கெட்டின் ஸ்கோர் அட்டையைத்தான் அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். இத்தனை நாளும் இவருக்குக் கிரிக்கெட் எங்கோ சந்திரனில் ஆடும் ஆட்டம். நோட்டைப் பார்த்தபின் பங்காளி வீட்டு ஆட்டமாகிவிட்டது.

1986 செப்டம்பர் நோட்டைப் புரட்டினேன். சேப்பாக்கம், ஆஸ்திரேலியா. 18 முதல் 22 வரை. டீன் ஜோன்ஸ் வெக்கையில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்து, நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்ட ஆட்டம். கடைசி நாள் 348 வேண்டும். 347-ல் மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ., மேத்யூஸ் பந்தில். டை. டெஸ்ட் சரித்திரத்தில் அதற்கு முன்னால் ஒரே ஒரு டை, 1960-ல் பிரிஸ்பேனில். என் பேனா அந்த 347-ஐ அழுத்தி அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்திருக்கிறது.

"ஐந்து நாள் ஆடி, யாரும் ஜெயிக்காமல் வீட்டுக்குப் போனார்களா?"

போனார்கள், சந்தோஷமாக.

இது அவருக்கு ஏறவில்லை. அவர்கள் ஊரில் முடிவு வரும்வரை விடமாட்டார்கள். 1981-ல் பாட்டக்கெட்டில் ஒரு ஆட்டம் 33 இன்னிங்ஸ் போயிற்றாம். விடியற்காலை நாலு மணிக்கு நிறுத்தி, இரண்டு மாதம் கழித்து வந்து முடித்தார்களாம். யாருக்குப் பைத்தியம் என்று நான் கேட்டேன். 2002-ல் அவர்களுடைய ஆல் ஸ்டார் ஆட்டம் ஏழுக்கு ஏழு என்று டையில் நின்றபோது நாடே கொதித்துப் போனது என்றும் அவரே சொன்னார். டை என்றால் அவர்களுக்கு அவமானம். நமக்கு அப்படி இல்லை. டிரா செய்வதற்காகவே நாள் முழுக்க நின்றவனைத் தோளில் தூக்கியிருக்கிறோம். இதில் நான் நம் கட்சி. எல்லா வழக்கிலும் ஒருவன் தோற்றாக வேண்டும் என்று என்ன சட்டம்?

அவருக்கு ஆறுதலாகப் பார்ட் கிங் கதையைச் சொன்னேன். பிலடெல்பியாக்காரர், பேஸ்பால் ஆடிவிட்டுக் கிரிக்கெட்டுக்கு வந்தவர். பேஸ்பாலில் பந்தை வளைக்கும் வித்தையைக் கிரிக்கெட்டில் ஸ்விங்காக்கி, 1908-ல் இங்கிலாந்து போய் 87 விக்கெட் எடுத்தார், சராசரி 11.01. அந்த வருடம் அந்த நாட்டின் எந்தப் பந்து வீச்சாளருக்கும் அப்படி ஒரு கணக்கு இல்லை. அதை மிஞ்ச ஐம்பது வருடம் ஆயிற்று. மாப்பிள்ளை கேட்டுவிட்டு எழுந்து, சாத்துக்குடி ஒன்றை எடுத்துக்கொண்டு, முழங்கையை மடக்காமல் சுவரில் போட்டுப் பார்த்தார். என் மனைவி பழக்கூடையை உள்ளே எடுத்து வைத்துவிட்டாள்.

10 ஜூன், திங்கள்

பள்ளி திறந்துவிட்டார்கள். காலையில் கரையில் ஆளில்லை. மாலையிலும் டியூஷன் போக மிச்சம் நாலு பேர். ரன் அவுட் இல்லை, பேபி ஓவர், ஜோக்கரே விக்கெட் கீப்பர். மாப்பிள்ளை இப்போது ஓரளவு பந்து போடுகிறார். இன்று மாங்கா என்று யாரும் கத்தவில்லை. நாலு பேருக்கு அஞ்சாவது ஆள் வேண்டியிருந்ததும் ஒரு காரணம்.

13 ஜூன், வியாழன்

நேற்று இரவு இந்தியா - அமெரிக்கா, நியூயார்க்கில். ஏழெட்டுப் பையன்கள் எங்கள் கூடத்தில். அமெரிக்கா 110, அர்ஷ்தீப் ஒன்பது ரன்னுக்கு நாலு விக்கெட். சுலபம் என்று உட்கார்ந்தோம். நேத்ரவால்கர் வந்து கோலியை முதல் பந்திலேயே அனுப்பினார். மாப்பிள்ளை கை தட்ட ஆரம்பித்து, கூடத்தில் இருந்த முகங்களைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார். ரோஹித்தும் மூன்றுக்கு. அவர் இந்தத் தடவை கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் அந்தக் கூத்து. இந்தியாவுக்கு 30 பந்தில் 35 வேண்டும். அம்பயர் திடீரென்று தோளைத் தொட்டார். ஐந்து ரன் இனாம். ஓவருக்கு ஓவர் 60 விநாடிக்குள் தொடங்க வேண்டும், அமெரிக்கா மூன்றாவது முறை தாமதித்துவிட்டதாம். 30 பந்தில் 30. கிரிக்கெட் மெதுவான ஆட்டம் என்று உலகமெல்லாம் கேலி பேசும் அமெரிக்கா, கிரிக்கெட்டில் மெதுவாக ஆடியதற்குத் தண்டம் கட்டியது! நான் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. மாப்பிள்ளைக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவரோ நிதானமாக, பேஸ்பாலிலும் 2023-ல் பந்து போடுகிறவனுக்குக் கடிகாரம் வைத்துவிட்டார்கள், இது நியாயம்தான் என்றார். சூர்யகுமார் 50, டூபே 31. ஏழு விக்கெட்டில் ஜெயித்தோம்.

இரும்புச் சட்டகம் போட்டு 34 ஆயிரம் பேர் உட்காரக் கட்டிய மைதானம் அது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நிபுணர்கள் பார்த்து ஃபுளோரிடாவில் வளர்த்த பிட்ச்சை லாரியில் கொண்டுவந்து பதித்தார்கள். நேற்றோடு ஆட்டம் முடிந்தது, பிரிக்க ஆரம்பித்துவிட்டார்களாம். பையன்களிடம் சொன்னதும் ஜோக்கர் கேட்டான்: "அப்ப அங்க இருக்குற பசங்க எங்க தாத்தா ஆடுவாங்க?"

15 ஜூன், சனி

நேற்று அமெரிக்கா - அயர்லாந்து ஆட்டம், ஃபுளோரிடாவில். மழை பெய்த தரை காயவில்லை. இரவு எட்டிலிருந்து தரையை வந்து வந்து பார்த்தார்கள். ஒரு பந்தும் போடாமல் ரத்து செய்தார்கள். ஆளுக்கு ஒரு பாயிண்ட். அந்த ஒரு பாயிண்டில் அமெரிக்கா சூப்பர் எட்டுக்குப் போய்விட்டது, பாகிஸ்தான் வெளியே. மட்டையைத் தொடாமல் அடுத்த கட்டத்துக்குப் போன விதத்தை மாப்பிள்ளைக்கு விளக்க உட்கார்ந்தேன். வேண்டாம் மாமா, புரிகிறது என்றார். இரண்டு வாரத்துக்கு முன்னால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

மதியம் கார் வந்தது. பையன்கள் சனிக்கிழமையாதலால் எல்லோரும் வந்திருந்தார்கள். மஞ்சள் டி-சர்ட்டை ஜோக்கர் பையனுக்குக் கொடுத்துவிட்டார். முழங்கால் வரை தொங்குகிறது. சூப்பர் எட்டுக்கு வந்த அணிகளுக்கு 2026 உலகக் கோப்பையிலும் இடம் உறுதி. அது இந்தியாவிலும் இலங்கையிலும் நடக்கும். சேப்பாக்கத்தில் அமெரிக்காவுக்கு மேட்ச் விழுந்தால் இரண்டு டிக்கெட் எடுத்து வையுங்கள் என்று என்னிடமும், லாங் ஆனில் என் இடத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று பையன்களிடமும் சொல்லிவிட்டு ஏறினார். டிக்கெட்டுக்கு நான் பொறுப்பு. லாங் ஆனை அடுத்த ஆட்டத்திலேயே வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.